யாருடைய வலம்? திருப்புட்குழித் தறியையும் சன்னதியையும் முன்வைத்து ஒளிப்படக் காட்சியமைவு நெறிகள் குறித்த திறனாய்வு

ஆய்வுச்சுருக்கம்

ஒளிப்படக் காட்சியமைவுக்குப் பாடமாகக் கற்பிக்கப்பெறும் வடிவமைப்பு நெறிகள் இடம், வலம், நடு ஆகியவற்றைப் பார்ப்பவரின் நிலையிலிருந்து கணக்கிடுகின்றன. காஞ்சிபுரம் மாவட்டம் திருப்புட்குழியில் விஜயராகவப் பெருமாள் சன்னதியிலும், அவ்வட்டாரத்துப் பட்டுத் தறியிலும், பக்கங்கள் உள்ளே அமர்ந்திருப்பவரிடமிருந்து எண்ணப்படுகின்றன. இவ்விரு கணக்குகளும் ஒவ்வாத இடத்தில் படத்திலிருந்து எது விடுபடுகிறது, யார் விடுபடுகிறார் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: காட்சியமைவு, மூன்றில் ஒரு பங்கு விதி, கோர்வை, குழித்தறி, திருப்புட்குழி, இடவலம்.

முன்னுரை

ஒளிப்படக் கலையைத் தமிழில் அறிமுகப்படுத்தும் நூல்களும், காட்சித் தொடர்பியல் துறைகளில் வழங்கும் பாடக் குறிப்புகளும் காட்சியமைவை ஏறத்தாழ ஒரே வரிசையில் விளக்குகின்றன. மூன்றில் ஒரு பங்கு விதி, வழிநடத்தும் கோடுகள், சமநிலை, முரண், வெற்றிடம், சட்டகத்துள் சட்டகம் என அவ்வரிசை நீளும். சட்டகத்தை இரு கிடைக்கோடுகளாலும் இரு செங்குத்துக் கோடுகளாலும் ஒன்பதாகப் பகுத்து, கோடுகள் வெட்டிக்கொள்ளும் நான்கு புள்ளிகளுள் ஒன்றில் முதன்மைப் பொருளை நிறுத்துக என்பது முதற்பாடம். அக்கட்டம் இன்று கைப்பேசித் திரையிலேயே கிடைப்பதால், பாடம் படிக்காதவர்களும் அதனைப் பின்பற்றுகின்றனர். பொருளை நட்டநடுவில் வைப்பது பயிலாதவர் செய்யும் பிழை என்னும் கருத்தும் இதனோடு சேர்ந்து பரவியிருக்கிறது.

நடுவில் வைத்தலைப் பிழையெனக் கொள்வதற்கு மறுப்பு ஏற்கெனவே உண்டு. தரிசனம் குறித்து டயானா எக் 1981இல் வெளியிட்ட நூலும், இந்திய ஒளிப்படங்கள் குறித்துக் கிறிஸ்டோபர் பின்னி 1997இல் வெளியிட்ட ‘கேமரா இண்டிகா’வும், நேர்முகமாகப் பார்த்தலும் பார்க்கப்படுதலும் இங்குப் பெறும் பொருளை விரிவாகப் பேசியுள்ளன. அவ்விவாதத்தை மீண்டும் நிகழ்த்துவது இக்கட்டுரையின் நோக்கமன்று. நடுவைப் பற்றிப் பேசிய அளவுக்கு நாம் பக்கங்களைப் பற்றிப் பேசவில்லை என்பதே இங்கு எழுப்பப்படும் வினா. பட்டு நெசவாளர்களின் காட்சிப் பதிவுகள் பற்றிய என் முனைவர் பட்ட ஆய்வுக்காகத் திருப்புட்குழி வட்டாரத்தில் எடுத்த சில படங்களில் நேர்ந்த தவற்றிலிருந்து அவ்வினா பிறந்தது.

1. நெறிகள் பிறந்த இடம்

மூன்றில் ஒரு பங்கு விதி இயற்கையின் நியதி போலக் கற்பிக்கப்படினும், அதற்கென ஒரு பிறப்பிடம் உண்டு. ஆங்கிலேய ஓவியரும் செதுக்கோவியருமான ஜான் தாமஸ் ஸ்மித் 1797இல் நாட்டுப்புறக் காட்சிகள் குறித்து எழுதிய நூலில் அப்பெயரை வழங்கினார். ஒரு படத்தில் ஒளியும் நிழலும் சம அளவில் போட்டியிடலாகாது என ஓவியர் ரெனால்ட்ஸ் கூறியிருந்ததை விரித்து, நிலக்காட்சியில் வானத்துக்கு எத்தனை பங்கு, நிலத்துக்கும் நீருக்கும் எத்தனை பங்கு என்று அவர் கணக்கிட்டார். அகன்ற வானமும் தாழ்ந்த தொடுவானமும் கொண்ட நிலக்காட்சியை வரைபவருக்குச் சொல்லப்பட்ட அறிவுரை அது. மனிதர் ஒருவரைச் சட்டகத்தில் எங்கே நிறுத்துவது என்ற சிக்கல் அவர் முன் இருக்கவில்லை.

ஆர்தர் வெஸ்லி டௌ 1899இல் வெளியிட்ட ‘காம்போசிஷன்’ என்னும் நூலும் இவ்வாறே. கோடு, ஒளி-இருள், வண்ணம் என்னும் மூன்றையும் காட்சியமைவின் அடிப்படைகளாக அது வகுத்தது. ஒளிப்படக் கலைஞர் ஆல்வின் லாங்டன் கோபர்ன் உள்ளிட்டோர் டௌவிடம் பயின்றவர்கள். ஒளி-இருள் அமைவுக்கு டௌ வழங்கிய ‘நோட்டன்’ என்ற சொல் ஜப்பானியச் சொல். பாஸ்டன் அருங்காட்சியகத்தில் எர்னஸ்ட் பெனலோசாவின் துணையுடன் ஜப்பானிய மரச்செதுக்கு அச்சுப்படங்களைக் கண்டு பயின்றதன் பயன் அது. மனிதக் கண் பொதுவாக எவ்வாறு இயங்குகிறது என்பதைச் சோதனைகளின்வழி ஆராய்ந்த மாக்ஸ் வெர்தைமர் (1923) போன்றோரின் கெஸ்டால்ட் முடிவுகளை வேறு தட்டில்தான் வைக்க வேண்டும். அண்மையில் உள்ளவற்றைக் கண் ஒரு தொகுதியாகக் காண்கிறது என்பது புலனறிவு பற்றிய கூற்று. பொருளை மூன்றிலொரு பங்கில் நிறுத்துக என்பது சுவை பற்றிய கூற்று. நம் பாடக் குறிப்புகள் இவ்விரண்டையும் ஒரே பட்டியலில் அடுக்கி, முன்னதற்குரிய உறுதியைப் பின்னதற்கும் வழங்கிவிடுகின்றன.

டௌவின் நெறிகள் ஓரிடத்துக் கைவினையைக் கண்டு பெறப்பட்டவை எனின், காஞ்சியின் கைவினையைக் கண்டும் நெறிகள் பெறப்படலாம். திணைக் கோட்பாட்டை எடுத்து ஒளிப்படத்தின்மீது பொருத்திப் பார்க்கும் வழக்கம் அண்மைக் கட்டுரைகளில் மிகுந்துள்ளது. முதல், கரு, உரி என்னும் பகுப்பு எதன்மீதும் பொருந்திவிடக்கூடிய அளவு நெகிழ்வானது. அதனாலேயே அது இங்கு அதிகம் உதவாது எனக் கருதுகிறேன். தறி அவ்வாறு நெகிழ்வதில்லை.

2. தறியின் இரு கரைகள்

காஞ்சிப் பட்டுப்புடவை உடல், கரை, முந்தி என மூன்று பகுதிகளாலானது. உடலும் கரையும் வேறுவேறு வண்ணத்தில் அமைய வேண்டுமெனின், கோர்வை முறையில் நெய்யப்பட வேண்டும். ஊடை இழை ஓரத்திலிருந்து ஓரம்வரை ஒரே நாடாவில் செல்லாது. உடலுக்கு ஒன்று, இரு கரைகளுக்கும் ஒவ்வொன்று என மூன்று நாடாக்கள் இயங்கும். உடலின் ஊடை கரையின் ஊடையோடு ஒவ்வோர் ஓட்டத்திலும் பிணைந்து திரும்பும். உடலையும் வேறு வண்ண முந்தியையும் இணைக்கும் பெட்னி இதனினும் நுட்பமானது. அதனை இங்கு விரிக்கவில்லை.

மரபான கோர்வைத் தறியில் இருவர் அமர்வர். நெசவாளர் உடலையும் தம் இடக்கரையையும் கவனிக்க, வலக்கரையின் நாடாவைத் துணையாள் ஒருவர் வீசுவார். பெரும்பாலும் மனைவி, சில இடங்களில் மகனோ மகளோ அத்துணையாளாக இருப்பர். முந்தைய பத்தாண்டுகளில் அவ்விடத்தில் கூலிக்கு அமர்த்தப்பட்ட சிறாரும் இருந்தனர். இந்தியப் பட்டுத் தொழிலில் கொத்தடிமைச் சிறார் உழைப்புக் குறித்து ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் 2003இல் வெளியிட்ட அறிக்கை காஞ்சிபுரத்தையும் உள்ளடக்கியது. இன்று எல்லாப் புடவைகளும் கோர்வையாக நெய்யப்படுவதில்லை. ஒருவரே கோர்வை நெய்யும்படி தறியில் மாற்றங்கள் செய்தோரும் உண்டு. எனினும் காஞ்சிப் பட்டின் தனித்தன்மையைப் பேசும் விளம்பரங்கள் கோர்வையைத்தான் முன்னிறுத்துகின்றன. 2005-06இல் புவிசார் குறியீடு பெற்ற பின்னர் அப்பேச்சு மேலும் வலுப்பெற்றது.

அவ்விளம்பரங்களிலும் சுற்றுலா வெளியீடுகளிலும் காணப்படும் நெசவாளர் படம் நமக்கு மிகவும் பழகியது. இருண்ட அறை, பக்கச் சன்னலிலிருந்து சாய்ந்து விழும் ஒளி, சட்டகத்தின் ஒரு மூலையிலிருந்து எதிர்மூலை நோக்கி விரையும் பாவு இழைகள், அவை சென்று முடியும் புள்ளியில் குனிந்த தலையுடன் ஒரு முதியவர். இழைகள் வழிநடத்தும் கோடுகளாகின்றன. முதியவர் மூன்றிலொரு பங்கில் நிற்கிறார். இருள் வெற்றிடமாகிறது. பாடநூலின் மூன்று நெறிகளும் ஒருங்கே நிறைவேறுகின்றன.

என் முதற்களப்பணியில் நான் எடுத்ததும் இத்தகைய படமே. பாவு நீண்டு செல்லும் பின்புறத்தில் நின்று, நெசவாளரைச் சட்டகத்தின் இடப்பக்க மூன்றிலொரு பங்கில் வைத்து, அவருக்கு அப்பால் இருந்ததை நீக்கினேன். மறுமுறை சென்றபோது அச்சிட்ட படத்தை அவர்களிடம் காட்டினேன். நெசவாளரின் மனைவிதான் முதலில் பார்த்தார். ஒரு கரை படத்தில் இல்லையே என்பது அவர் சொன்ன முதற்கருத்து. தாம் அதில் இல்லை என்பதை அவர் சொல்லவில்லை. கரை இல்லாததையே சொன்னார். படத்தை மீண்டும் நோக்கியபோதுதான், நெசவாளரின் முழங்கையை ஒட்டி வளையல் அணிந்த மணிக்கட்டின் விளிம்பு ஒன்று, சட்டகத்தின் ஓரத்தில் பாதியாக வெட்டுண்டு இருப்பதைக் கண்டேன். படமெடுத்த நாளில் அவர் அங்கு அமர்ந்து நாடா வீசிக்கொண்டிருந்தார். அவரது கையைக் காட்சியமைவுக்கு இடையூறான பொருளாகக் கருதியே ஓரத்தில் வெட்டியிருக்கிறேன்.

இங்கு நிகழ்ந்தது கவனக்குறைவு மட்டுமன்று. நெறியே அவ்வாறு செய்யச் சொல்கிறது. முதன்மைப் பொருள் ஒன்று, அதனை நோக்கிச் செல்லும் கோடுகள், அதனைச் சுற்றி வெற்றிடம் என்ற திட்டத்தில் இரண்டாம் உழைப்பாளருக்கு இடமில்லை. அவரைச் சேர்த்தால் பார்வை சிதறும் எனப் பாடநூல் கூறும். தறியின் கணக்கில் அவரை நீக்கினால் புடவைக்கு ஒரு கரை இல்லை. கலை நேர்த்தியின் பெயரால் தனித்த நெசவாளர் என்னும் உருவம் எவ்வளவு காலமாகப் படைக்கப்பட்டு வருகிறது என்பதையும், வலக்கரையில் அமர்ந்த பெண்களும் சிறாரும் எத்தனை படங்களில் ஓரத்தில் வெட்டப்பட்டிருப்பர் என்பதையும் இவ்விடத்தில் எண்ணிப் பார்க்கலாம். பிரியதர்சன் இயக்கி, 55ஆவது தேசியத் திரைப்பட விருதுகளில் சிறந்த படமாகத் தேர்வு பெற்ற ‘காஞ்சிவரம்’ நெசவாளரைத் தனியராகக் காட்டுகிறது எனின், அங்கு அதற்குக் கதைவழிக் காரணம் உண்டு. மகளின் திருமணத்துக்கென இழைகளைத் திருடி மறைவில் நெய்பவனுக்குத் துணை இருக்க முடியாது. விளம்பரத்தில் வரும் தனியருக்கு அத்தகைய காரணம் ஏதுமில்லை.

சமநிலை என்னும் நெறியையும் தறியில் வைத்துச் சோதிக்கலாம். பாடநூல்கள் சமநிலையைச் சமச்சீர் உடையது, சமச்சீர் அற்றது என இரண்டாகப் பகுக்கும். காஞ்சி வட்டாரத்தில் இரு கரைகளும் ஒரே வண்ணத்தில் அமைவதுண்டு. வெவ்வேறு வண்ணத்தில் அமைந்தால் அது கங்கா-யமுனா எனப்படும். கங்கா-யமுனாப் புடவையை நெய்பவருக்கு இரு கரைகளும் இடம், வலம். உடுப்பவருக்கு மேல், கீழ். மடித்துக் கடையில் விரிக்கும்போது இவ்விரண்டும் அல்லாத மற்றோர் ஒழுங்கு. ஒரே துணியின் இரு பக்கங்கள் மூன்று நிலைகளில் மூன்று பெயர் பெறுகின்றன. ஒளிப்படப் பாடநூல் இவற்றுள் எதையும் சாராத நான்காவது நிலையில், அதாவது கேமராவுக்குப் பின்னால், நின்றுகொண்டு சமநிலை உள்ளதா என வினவுகிறது.

3. சன்னதியின் வலம்

திருப்புட்குழி காஞ்சிபுரத்துக்கு மேற்கே, பெங்களூரு நெடுஞ்சாலையில் பாலுசெட்டி சத்திரத்தை அடுத்து உள்ளது. நூற்றெட்டுத் திவ்வியதேசங்களுள் ஒன்று. புள் என்னும் பறவையாகிய சடாயுவுக்கு இராமன் ஈமக்கடன் செய்த இடம் என்பது ஊர்ப்பெயருக்குத் தலமரபு தரும் விளக்கம். கோயிலின் திருக்குளமும் சடாயுவின் பெயரையே தாங்கியுள்ளது. பெருமாள் கிழக்கு நோக்கி வீற்றிருந்த திருக்கோலத்தில் உள்ளார்.

வைணவக் கோயில்களில் பெருமாளின் வலப்புறம் ஸ்ரீதேவியும் இடப்புறம் பூதேவியும் அமைதல் பொதுவழக்கு. இங்கு அது மாறியுள்ளது. சடாயுவைத் தம் வலத்தொடையில் வைத்து எரியூட்டியபோது எழுந்த வெம்மையைத் தாங்காது ஸ்ரீதேவி இடப்புறம் சென்றார் என்றும், பூதேவி வலப்புறம் அமர்ந்தார் என்றும் தலமரபு உரைக்கிறது. இத்தலத்தின் கதை முழுவதும் இப்பக்க மாற்றத்தில்தான் காட்சி வடிவம் பெற்றிருக்கிறது. பெருமாளின் மடியில் பறவையைக் காணாதவரும், தேவியரின் இடமாற்றத்தைக் கண்டு கதையை உணரலாம்.

இங்கு வலம் என்பது பெருமாளின் வலம். சன்னதி முன் நிற்பவருக்கு அது இடம். தமிழ்நாட்டில் கோயிலுக்குச் செல்லும் எவரும் இக்கணக்கை எவ்வித முயற்சியுமின்றிச் செய்கின்றனர். ஆனால் ஒளிப்படத்தைப் பற்றிப் பேசத் தொடங்கியவுடன் நாம் இதனை மறந்துவிடுகிறோம். செய்தித்தாள் படக்குறிப்பு இடமிருந்து வலமாகப் பெயர்களை அடுக்கும்போது, அவ்விடம் வாசகரின் இடமாகவே இருக்கிறது. படத்தில் நிற்பவரின் வலக்கைப் பக்கம் நிற்பவரைப் படக்குறிப்பு இடத்தில் நிறுத்துகிறது.

ஐரோப்பியக் கலை வரலாற்றிலும் இச்சிக்கல் அறியப்படாததன்று. ஹைன்ரிஹ் வோல்ஃப்லின் 1928இல் ஓவியத்தில் இடமும் வலமும் குறித்து எழுதிய கட்டுரையில், ஓவியத்தின் வில்லையைப் புறம் மாற்றித் திரையிட்டால் ஓவியம் தன் பொருளையே இழக்கிறது எனக் காட்டினார். எனினும் அவருக்கும் இடவலம் என்பது பார்ப்பவரின் கண் நகரும் திசையே. உருவத்தின் வலம் என்னும் வினாவை அவர் எழுப்பவில்லை. இன்று காட்சியமைவுப் பயிற்சியில், படத்தைக் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பிப் பார்த்துச் சமநிலையைச் சோதிக்குமாறு மாணவர்க்கு அறிவுறுத்துவதுண்டு. நிலக்காட்சிக்கு அது தீங்கற்ற பயிற்சி. திருப்புட்குழிப் பெருமாளின் ஓவியம் ஒன்றை அவ்வாறு திருப்பினால், ஸ்ரீதேவி மீண்டும் வலப்புறம் வந்துவிடுவார். பெருமாளின் திருக்கைகளில் சங்கும் சக்கரமும் இடம் மாறும். சமநிலை சிறிதும் குலையாமல் தலத்தின் கதை மட்டும் அழிந்துவிடும்.

தமிழகக் கோயில்களுக்குள் கைப்பேசிக்குத் தடை விதிக்க உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2022 டிசம்பரில் ஆணையிட்டதை ஒளிப்படம் பயில்வோர் பெரும்பாலும் ஓர் இழப்பாகவே பேசுகின்றனர். எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. படமெடுக்க இயலாத இடத்தில் நிற்கும்போதுதான், பக்கங்களை யாரிடமிருந்து எண்ணுகிறோம் என்பது கவனத்துக்கு வருகிறது.

4. இரு முன்னோடிகள்

சட்டகத்தின் கணக்கைப் பொருளின் கணக்குக்கு விட்டுக்கொடுத்த படங்கள் தமிழக ஒளிப்பட வரலாற்றில் இல்லாமலில்லை. சென்னை மாகாண அரசின் ஒளிப்படக்காரராக 1856இல் அமர்த்தப்பட்ட லின்னேயஸ் டிரைப், 1858இல் மதுரையிலும் தஞ்சையிலும் எடுத்த படங்கள் பலரும் அறிந்தவை. மதுரைப் புதுமண்டபத் தூண் வரிசையின் ஆழத்தைக் காட்டும் அவரது படங்கள் பாடநூல் நெறிகளுக்குச் சிறந்த எடுத்துக்காட்டாகப் பயன்படும். அவற்றினும் முக்கியமானது தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டுகளை அவர் பதிவு செய்த தொடர்படம். 21 காகித எதிர்படங்களிலிருந்து அச்சிட்டு ஒட்டிய அது ஏறத்தாழ 19 அடி நீளமுடையது. அதில் மூன்றில் ஒரு பங்கும் இல்லை, முதன்மைப் பொருளும் இல்லை. கல்வெட்டு வரி எங்குச் செல்கிறதோ, கேமரா அங்குச் செல்கிறது. சுவரை நோக்கி நின்று இடமிருந்து வலமாக வரியைத் தொடர்ந்து படித்துக்கொண்டே சென்றால், கோயிலை வலம்வரும் திசைக்கு எதிராக நடக்க வேண்டியிருக்கும் என்பதையும் இங்குக் குறிக்கலாம். வாசிப்பவரின் திசையும் வழிபடுபவரின் திசையும் ஒரே சுவரில் எதிரெதிராக உள்ளன. டிரைப் வாசிப்பவரின் திசையைத் தேர்ந்தார். கல்வெட்டாய்வுக்கு அது தேவையாகவும் இருந்தது.

1990களில் தமிழ்நாட்டைப் பற்றித் தனியொரு நூல் வெளியிட்ட ரகுபீர் சிங்கின் வண்ணப் படங்கள் மற்றொரு வகை. அவரது சட்டகத்தில் பெரும்பாலும் ஒரே மையம் இராது. ஓரங்களில் மனிதர்கள் பாதியாக வெட்டுண்டு நிற்பர். மேலோட்டமாக நோக்கினால் நான் வெட்டிய மணிக்கட்டுக்கும் அவர் வெட்டிய தோளுக்கும் வேறுபாடில்லை. ஆயின் அவரது படத்தில் ஓரத்தில் நிற்பவரும் நடுவில் நிற்பவருக்கு இணையான எடை உடையவர். எல்லாரும் எல்லாத் திசையிலும் தத்தம் வேலையில் இருப்பதால், முதன்மை என்னும் தகுதியே கலைந்துபோகிறது. நெறியை அறியாமல் மீறுவதும் அறிந்து மீறுவதும் ஒன்றல்ல என்பதற்கு அவர் படங்கள் சான்று.

5. குழியின் உயரத்திலிருந்து

குழித்தறியில் நெசவாளரின் கால்கள் குழிக்குள் மிதிகளின்மீது இருக்கும். அவரது கண் தரையிலிருந்து இரண்டரை அடி உயரத்துக்கு மேல் இராது. நின்றுகொண்டு எடுத்த என் முதற்படங்கள் அனைத்தும் அவரைக் குனிந்து பார்க்கின்றன. இரண்டாம் முறை, தரையில் அமர்ந்து, இருவருக்கும் பின்னால் சுவரை ஒட்டி, அவர்கள் பார்க்கும் திசையிலேயே கேமராவை வைத்தேன். இந்நிலையில் நெசவாளரின் வலமும் சட்டகத்தின் வலமும் ஒன்றாகின்றன. பாவு இழைகள் யாரையும் சுட்டிச் செல்லும் கோடுகளாக இல்லை. அவை எதிரிலிருந்து நெசவாளரை நோக்கி வருகின்றன. இரு கரைகளும் சட்டகத்தின் இரு ஓரங்களில் முழுமையாக விழுகின்றன. உடல் நடுவில் உள்ளது. கோர்வையின் இரு கோடுகள் படத்தை நெடுக்கில் மூன்றாகப் பகுக்கின்றன. ஆனால் அவை சமப் பகுதிகள் அல்ல. காஞ்சிக் கரையின் அகலம் புடவைக்குப் புடவை மாறும் என்பதால், படத்தின் பகுப்பும் தறிக்குத் தறி மாறுகிறது.

இப்படத்துக்குக் குறைகள் உண்டு. இருவரின் முகமும் தெரியவில்லை. முதுகுகளும் ஒரு தோளும் முன்னிடத்தை அடைத்துக்கொள்கின்றன. சன்னலின் ஒளி எதிரிலிருந்து வருவதால் சரிகை மினுங்குகிறது, பட்டின் வண்ணம் மங்குகிறது. கருத்தரங்கு ஒன்றில் இதனைக் காட்டியபோது, நெரிசலாக உள்ளது, எதைப் பார்ப்பது எனத் தெரியவில்லை என்ற விமர்சனம் எழுந்தது. அது நேர்மையான விமர்சனமே. எனினும் எதைப் பார்ப்பது என்னும் வினாவுக்குப் பின்னால், ஒன்றைத்தான் பார்க்க வேண்டும் என்னும் முன்முடிவு உள்ளது. முகம் தெரியாமை வேறு வகையான குறை. உழைப்பைக் காட்ட உழைப்பவரின் முகத்தை இழப்பது சரியா என்பதற்கு என்னிடம் இன்னும் தெளிவான விடை இல்லை. தறியின் பக்கவாட்டில், துணையாளின் வலப்புறத்திலிருந்து எடுத்த மூன்றாம் படத்தில் இரு முகங்களும் கிடைத்தன. அதில் மனைவி முன்னும் நெசவாளர் பின்னும் அமைகின்றனர். அவ்வாறு அமைந்த நெசவுப் படத்தை நான் பார்த்த விளம்பரங்களில் இதுவரை கண்டதில்லை.

இப்பொழுது என் படத்தொகுப்பின் குறிப்பேட்டில் ஒவ்வொரு படத்துக்கும் இரு பக்கக் குறிப்புகள் எழுதுகிறேன். ஒன்று சட்டகத்தின் இடவலம், மற்றொன்று தறியில் அமர்ந்தவரின் இடவலம். இரண்டாவது குறிப்பை எழுதும்போது, வலக்கரையில் அமர்ந்தவர் யார் என்று கேட்டாக வேண்டியுள்ளது. பழைய படங்களுக்கு அக்குறிப்பை எழுத மீண்டும் வீடுவீடாகச் செல்ல நேர்ந்தது. அம்முறை மூன்று படங்களின் பிரதிகளையும் அத்தம்பதியரிடம் கொடுத்தேன். மனைவி மூன்றாம் படத்தை எடுத்து வைத்துக்கொண்டார். சுவரில் மாட்டுவதற்கு இருவரும் தேர்ந்தது முதற்படத்தையே. ஒரு கரை இல்லாவிட்டாலும், உடலின் வண்ணமும் புட்டாவும் உள்ளபடி தெரிவது அதில்தான் என்பது அவர்கள் கூறிய காரணம்.